நோட்டீஸ் போர்டு சட்டசபை ஆகாது

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எடைமேடைத் தொழிலாளர் சங்கத் தலைவர் தோழர் மாரியப்பன் அவர்களே! நான்கு வருடமாக மறைந்த யசோதரா அம்மையாரின் வழக்கை நடத்திவரும் வழக்கறிஞர் ஜெமிமா அவர்களே! அம்மையாரின் துணைவர் அன்பரசன் அவர்களே! மகள் செங்கொடியே! சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் அரைநாள் ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! லாரி ஓட்டுநர்களே! சுமைதூக்கும் தோழர்களே! எங்கள் வார்டின் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம். அம்மையார் வீட்டு வழக்கப்படி ஜெய் பீம்!

நான் ஸ்டானிஸ்லாஸ். ராயபுரத்தில் பிறந்தவன். துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். இப்போது திருவொற்றியூரில், யசோதரா அம்மையார் குடியிருந்த அதே வார்டில், மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறேன். அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் அதை மீறுவேன். மன்னிக்க வேண்டும்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் வாசலில் ஒரு மலர்வளையம் வந்து இறங்கியது. ஆள் உயரம். நடுவில் ஜரிகை ரிப்பனில் அனுப்பியவர் பெயர். அனுப்பியவர் யார்? எங்கள் வார்டு கவுன்சிலர்! எந்தத் தேர்தலில் யசோதராவை நிற்கவே விடாமல் செய்து ஜெயித்தாரோ, அந்தத் தேர்தலின் கவுன்சிலர்! நான் அதைக் குப்பை வண்டியில் ஏற்றச் சொன்னேன். தலைவர் மாரியப்பன் என் கையைப் பிடித்து, "வாணாம் ஸ்டானி, நாகரிகம்னு ஒண்ணு கீது" என்றார். தலைவருக்கு இருக்கும் நாகரிகம் எனக்கு இல்லை. வளையத்தோடு குப்பை வண்டி போய்விட்டது.

அந்தக் கவுன்சிலரின் பெயரை இந்த மேடையில் நான் சொல்லமாட்டேன். பயந்து அல்ல. அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் கோர்ட். அங்கே சத்தமாகச் சொல்வேன். இங்கே அழ வந்தவர்கள் அழுங்கள், அது உங்கள் உரிமை. நான் பழி தீர்க்க வந்திருக்கிறேன்.

யார் இந்த யசோதரா? வியாசர்பாடி குடியிருப்பில், பௌத்தக் குடும்பத்தில் பிறந்த பெண். கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்தார். சாத்தாங்காட்டில் இருபத்தாறு வருடம் எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்து சீட்டுப் போட்டவர். எடைமேடையைப் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இல்லை. லாரி ஒருமுறை வெறுமனே ஏறும், ஒருமுறை சரக்கோடு ஏறும். மெஷின் காட்டுவதை அம்மையார் சீட்டில் போடுவார். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வேலையை அவர் செய்த மாதிரி செய்தவர் யாரையாவது காட்ட முடியுமா?

ஒருநாள் ஒரு லாரி வந்தது. அளவுக்கு மேல் மூன்று டன் கம்பி. டிரைவர் கூண்டு ஜன்னலில் தலையை விட்டு, "யக்கா, ஒரு மூணு டன்னு கொறச்சு போடுக்கா. மொதலாளி போன்ல கீறாரு, பேசு" என்று செல்போனை நீட்டினான். போனில் இருந்தவர் லாரி யார்டு சொந்தக்காரர். அன்றைக்கு அவர் கவுன்சிலர் ஆகவில்லை. ஆகிற ஆசை மட்டும் இருந்தது. அம்மையார் போனை வாங்கவே இல்லை. டிரைவரிடம் சொன்னார்: "தோ பாரு நைனா. இந்தச் சீட்டுல போட்டத மாத்தணும்னா ஒரே வழிதான் கீது. கம்பிய எறக்கு, மறுக்கா மேடையில ஏத்து. இன்னா காட்டுதோ அத போடறேன். நீ சொன்னாலும் மாத்த மாட்டேன், ஒன் மொதலாளி சொன்னாலும் மாத்த மாட்டேன், என் மொதலாளி சொன்னாலும் மாத்த மாட்டேன்."

மூன்று டன் கம்பி இறங்கியது. அந்த யார்டின் லாரிகள்தான் பள்ளிக்கூடத் தெருவில் பிள்ளைகளை உரசிக்கொண்டு போகிற லாரிகள். எத்தனை மனு கொடுத்தோம்! காலையில் எட்டிலிருந்து பத்துவரை அந்தத் தெருவில் லாரி விடாதே என்று எத்தனை முறை கேட்டோம்! யார் காதில் விழுந்தது? அதற்காகத்தான் யசோதரா வார்டுத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறேன் என்றார். எந்த வண்டி எவ்வளவு ஏற்றிக்கொண்டு அந்தத் தெருவில் போகிறது என்பது இந்த ஊரில் அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? எதிரே நின்றவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? வேட்பாளரை அந்த வார்டு வாக்காளர் ஒருவர் முன்மொழிய வேண்டும். வார்டு வாக்காளர். அவ்வளவுதான். எந்தத் தெரு, ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று சட்டம் கேட்கவில்லை. யசோதரா மனுத்தாக்கல் செய்தார். ஒருவர் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டார். மனுத்தாக்கலின் கடைசி நாளன்று, தேர்தல் நடத்தும் அலுவலர் உட்கார்ந்திருந்த கட்டடத்தின் வாசல் பலகையில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. நான்கு வரி. முன்மொழிபவரின் பெயர் வேட்பாளரின் பெயர் இருக்கும் அதே வாக்காளர் பட்டியல் பாகத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் மனு செல்லாது, தவறான முன்மொழிவுக்கு நடவடிக்கை எடுக்கப்படும்! ஒரு வார்டில் எத்தனையோ பாகம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பாகம், இந்தப் பக்கம் இன்னொரு பாகம்.

சட்டசபை கூடியதா? இல்லை. சட்டத்திருத்தம் வந்ததா? இல்லை. கெஜட்டில் வந்ததா? இல்லை. ஓர் அதிகாரிக்குக் கை அரித்தது, காகிதம் ஒட்டினார். பரிசீலனை நாளில் யசோதராவின் மனு தள்ளுபடி! அம்மையார் அந்த மேஜைக்கு முன்னால் நின்று, "சார், சட்டத்துல எந்த எடத்துல கீது, காட்டுங்க" என்று கேட்டார். அதிகாரி தலையைத் தூக்காமல், "மேலிடத்து உத்தரவும்மா. சட்டம் படிக்கிற எடம் இது இல்ல" என்றார்.

சட்டம் படிக்கிற இடம் அது இல்லையாம்! அம்மையார் வேறு இடத்தில் படித்தார். எடைமேடைக் கூண்டில், இரண்டு லாரிக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில், அரசியலமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் புத்தகத்தை வைத்துப் படித்தார். இருநூற்று நாற்பத்து மூன்று இசட்-ஏ. இந்த எண்ணை நம் வார்டில் பூ கட்டுகிற பெண்களுக்குக்கூட அவர் சொல்லிக்கொடுத்துவிட்டார். அதில் இரண்டு பகுதி. முதல் பகுதி, நகராட்சித் தேர்தலை மேற்பார்வையிட்டு நடத்தும் பொறுப்பை மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கிறது. இரண்டாம் பகுதி, அந்தத் தேர்தல் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மாநிலச் சட்டசபைக்குக் கொடுக்கிறது. நடத்துகிறவர் வேறு, சட்டம் போடுகிறவர் வேறு. மாற்ற வேண்டுமா? மறுபடி சட்டசபைக்குக் கொண்டுபோ. விவாதம் நடக்கட்டும், ஓட்டெடுப்பு நடக்கட்டும், கெஜட்டில் வரட்டும். அதற்கு அப்புறம் என் தலையில் வை. இதில் என்ன கஷ்டம்? படித்த அதிகாரிகளுக்குப் புரியாத என்ன இருக்கிறது இதில்?

நண்பர்களே, ஓட்டுப்போடும் வயது இருபத்தொன்றாக இருந்தது. அதைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். எப்படிக் குறைத்தார்கள்? எந்த அலுவலராவது பலகையில் ஒட்டிக் குறைத்தாரா? நாடாளுமன்றம் கூடி அரசியலமைப்பையே திருத்திக் குறைத்தார்கள். நல்ல காரியத்துக்கே அந்த வழி என்றால், ஒரு பெண்ணைத் தேர்தலில் நிற்கவிடாமல் தடுக்கிற காரியத்துக்கு நான்கு வரிக் காகிதம் போதுமா?

அம்மையார் பெரிய கோர்ட்டுக்கு ஓடினார். தேர்தல் தொடங்கிவிட்டது, நடுவில் நாங்கள் தலையிட அரசியலமைப்புச் சட்டம் தடுக்கிறது, தேர்தல் முடிந்ததும் தேர்தல் மனுவாகப் போடுங்கள் என்றார்கள். நான் கோர்ட் வாசலிலேயே கத்தினேன். அம்மையார் என்னை அதட்டினார். "கத்தாத அண்ணா. அதுவும் அந்தப் புத்தகத்துலதான் எழுதியிருக்கு. எனக்கு வோணும்னா ஒரு பக்கம், வாணாம்னா இன்னொரு பக்கமா படிக்க முடியும்?" என்றார். தனக்கு எதிராக இருக்கும் பக்கத்தையும் மதித்தார் பாருங்கள், அந்த நேர்மையில் ஒரு துளி அந்த அதிகாரிக்கு இருந்ததா?

தேர்தல் முடிந்தது. லாரி யார்டு சொந்தக்காரர் ஜெயித்தார். பட்டாசு வெடித்தார்கள், அம்மையார் வீட்டு வாசலில் வேண்டுமென்றே ஒரு சரம் அதிகமாக வெடித்தார்கள். வக்கீல் ஜெமிமா தேர்தல் மனு போட்டார். நான்கு வருடம், இருபத்தொன்பது வாய்தா! எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, ஃபைல் வரவில்லை, அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மையார் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனார். சாட்சிக் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல், "தேர்தலை நடத்தும் அதிகாரத்தில் இதுவும் அடக்கம்" என்று ஒரு மணி நேரம் பேசினார். அம்மையார் ஒரே வரியில் பதில் சொன்னார்: "ஐயா, அவங்கள நடத்தத்தான் சொல்லியிருக்கு, மாத்தச் சொல்லலை." நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார் என்று ஜெமிமா சொல்லியிருக்கிறார்.

இருபத்தொன்பதாவது வாய்தா முடிந்த மறுநாள் காலை, எடைமேடைக் கூண்டு நாற்காலியிலேயே அம்மையாருக்கு மாரடைப்பு. வயது ஐம்பத்து நான்கு. மேடையில் ஏறி நின்ற லாரி, சீட்டுக்காகக் காத்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

சுடுகாட்டில் என்ன நடந்தது தெரியுமா? அன்பரசன் கொள்ளி வைத்துத் திரும்புவதற்குள், கவுன்சிலரின் ஆள் ஒருவன் என் காதுபடவே சொன்னான்: "அப்பாடா, கேசும் கூடவே எரிஞ்சிடுச்சுப்பா." சிரித்தான்! அவன் முகத்தை நான் மறக்கவில்லை. அன்பரசன் தலைகுனிந்து நின்றதையும் மறக்கவில்லை.

கேஸ் எரிந்துவிட்டதா? ஜெமிமாவைக் கேட்டேன். மனுதாரர் ஒரே ஆள், அவர் இறந்துவிட்டால் மனுவும் முடிந்துபோகும். ஆனால் அந்த வார்டில் ஓட்டுரிமை உள்ள ஒருவர், இறப்பு அறிவிப்பு வெளியான பதினாலு நாளுக்குள் வந்து, அவர் இடத்தில் நான் நிற்கிறேன் என்று மனுக்கொடுத்தால் வழக்கு தொடரும். இன்று பத்தாவது நாள். மீதி நான்கு நாள். இதுவரை எத்தனை பேர் வந்தார்கள்? ஒருவரும் இல்லை. உங்களை நான் குறை சொல்லவில்லை. லாரி யார்டில் வேலை செய்யும் வீடு இருக்கிறது, கவுன்சிலர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் வீடு இருக்கிறது. பயம் எனக்குத் தெரியும். உங்கள் எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏன் தெரியுமா?

அந்த வேட்புமனுவை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவன் நான்.

ஆம். இந்தக் கூட்டத்தில் நான்கு பேருக்கு மேல் இது தெரியாது. மனு தள்ளுபடி ஆனது எல்லோருக்கும் தெரியும். அது எப்படித் தள்ளுபடி ஆனது என்பதை அம்மையார் தெருவில் யாரிடமும் சொன்னதில்லை. என் பெயரைக் காப்பாற்றினார். இன்று நானே சொல்கிறேன். அந்தக் காகிதம் ஒட்டப்பட்ட அன்று நான் அந்த வழியாகப் போனேன். நின்று படித்தேன். அம்மையார் பெயர் ஒரு பாகத்தில், என் பெயர் இன்னொரு பாகத்தில். பிறகு உள்ளே போய், என் முன்மொழிவை வாபஸ் வாங்குகிறேன் என்று என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்!

யாரும் என்னை அடிக்கவில்லை. மிரட்டவில்லை. ஒரு காகிதத்தைப் படித்தேன், கீழ்ப்படிந்தேன். துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குப் புரியும். காலையில் கேட்டுக்குள் நுழைந்ததும் நாம் முதலில் பார்ப்பது எதை? நோட்டீஸ் போர்டை! இன்றைக்கு எந்தக் கப்பல், எந்த கேங், யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்குச் சஸ்பென்ஷன், எல்லாம் அங்கே இருக்கும். முப்பத்து நான்கு வருடம். பிடிக்காத நோட்டீஸை எதிர்த்து ஸ்ட்ரைக் செய்திருக்கிறோம். கிழித்திருக்கிறோம், கொளுத்தியும் இருக்கிறோம். ஆனால் ஒருநாளாவது, இதை ஒட்ட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டோமா? இது செல்லாது என்று ஒருநாளாவது நினைத்தோமா? ஒட்டிவிட்டால் அது சட்டம். அந்தப் பழக்கம் என் ரத்தத்தில் ஊறிக் கிடந்தது. அந்த அதிகாரிக்கு அது தெரிந்திருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பலகையும் பசையும் போதும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்!

வாபஸ் கொடுத்துவிட்டு யசோதராவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இன்னா ஸ்டானி அண்ணா, என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. ஒட்டனா சட்டமாயிடுமா?" என்றார். அதற்குள் மனுத்தாக்கல் நேரம் முடிந்துவிட்டது. வேறு ஆளைப் பிடிக்க வழியில்லை.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. எதிர்த்தரப்பு கோர்ட்டில் என்ன சொல்கிறது? நோட்டீஸால் மனு தள்ளுபடி ஆகவில்லை, முன்மொழிந்தவர் தன் சொந்த விருப்பத்தில் விலகினார் என்கிறது. அதை உடைக்க ஒரே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சாட்சிக் கூண்டில் ஏறி, நான் நோட்டீஸைப் பார்த்துத்தான் விலகினேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சம்மன் வந்தது. நான் இரண்டு முறை டாக்டர் சர்டிபிகேட் அனுப்பினேன். நல்ல உடம்போடு வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்தேன்! ஏனென்றால் என் மகன் டென்னிஸ் அந்தக் கவுன்சிலரின் லாரி யார்டில் சூப்பர்வைசர். அம்மையாருக்கு இது தெரியும். மூன்றாவது சம்மன் அனுப்ப ஜெமிமா கேட்டபோது, "வுடும்மா, அவுரு வூட்டுலயும் அடுப்பு எரியணும்" என்று அவர் தடுத்திருக்கிறார். இதை ஜெமிமா எனக்குச் சுடுகாட்டில்தான் சொன்னார்.

அன்பரசன் அவர்களே, செங்கொடியே, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்பு எனக்கு வேண்டாம். நீங்கள் கொடுத்தாலும் வாங்கமாட்டேன். எனக்கு வேண்டியது வேறு.

அந்த அதிகாரி எந்த ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தாலும் கூண்டில் ஏற்ற வேண்டும். அந்த நான்கு வரியை எழுதச் சொன்னது யார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். சட்டசபை செய்ய வேண்டியதை நீ எப்படிச் செய்தாய் என்று ஜெமிமா கேட்க, அவர் விழிப்பதை நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தத் தேர்தல் செல்லாது என்று எழுதிய தாள் அந்தக் கவுன்சிலரின் கைக்குப் போக வேண்டும். பதவிக்காலம் முடிய ஒரே ஒரு நாள் மீதி இருந்தாலும் சரி, அந்த ஒரு நாள் அவர் பதவி இல்லாமல் தெருவில் நடக்க வேண்டும்! இது பழிவாங்கல் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். பழிவாங்கல்தான். அரிவாள் எடுக்காமல், கல் எறியாமல், அம்மையார் படித்த அதே புத்தகத்தை வைத்துப் பழிவாங்கல்!

அடுத்த தேர்தல் தூரத்தில் இல்லை. இந்த வழக்கு செத்தால், அந்தக் காகிதம் மறுபடி வரும். இந்த முறை பாகம், அடுத்த முறை வேறொன்று. யாரும் கேட்காத காகிதம் இரண்டு தேர்தலில் வழக்கமாகிவிடும், மூன்றாவது தேர்தலில் சட்டம் என்றே எல்லோரும் நம்பிவிடுவோம். நாம் அப்படிப்பட்ட ஆட்கள். நானே சாட்சி.

இன்று காலையில் டென்னிஸிடம் சொன்னேன். "இன்னா நைனா, நம்ம கஞ்சில நாமளே மண்ணப் போட்டுக்கணுமா?" என்றான். ஆமாம்டா, போட்டுக்கொள்வோம் என்றேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். மாலையில் அவனுக்கு அந்த வேலை இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

தோழர்களே! அம்மையார் யசோதராவின் பெயரால் நான் உறுதி கூறுகிறேன். அவர் இடத்தில் மனுதாரராக நிற்பதற்கான பிரமாணப் பத்திரத்தை ஜெமிமா கொண்டுவந்திருக்கிறார். அதில் நான் செய்த துரோகமும் எழுதப்பட்டிருக்கிறது, ஒரு வரி விடாமல். உங்கள் எல்லோர் முன்னாலும் இதோ கையெழுத்துப் போடுகிறேன். நாளைக் காலை கோர்ட்டில் தாக்கல் ஆகும். எனக்கு வயது எழுபத்தொன்று. எனக்கும் ஏதாவது ஆகலாம். ஆகவே எனக்கு அடுத்து நிற்க ஒருவர் வேண்டும், அவருக்கு அடுத்து இன்னொருவர் வேண்டும். தைரியம் உள்ளவர்கள் ஜெமிமாவிடம் பெயர் கொடுங்கள். இன்றைக்குத் தைரியம் இல்லாதவர்கள் வீட்டுக்குப் போய் யோசியுங்கள். நான் நான்கு வருடம் யோசித்தேன், நீங்கள் நான்கு நாளில் யோசியுங்கள்.

கடைசி வரிசையில் நீலச் சட்டை போட்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்து என்னைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் தம்பி! கையை இறக்காதே, நன்றாக எடு. உன்னை எனக்குத் தெரியும். அன்றைக்குச் சுடுகாட்டில் சிரித்தவன் நீதான். இதை இப்போதே கொண்டுபோய் உன் கவுன்சிலரிடம் காட்டு. மனுதாரர் பெயர் ஸ்டானிஸ்லாஸ், வயது எழுபத்தொன்று, உயிரோடு இருக்கிறார் என்று சொல்.